எல்லாம் அடக்கம்

ரிசார்ட் விளம்பரங்களில் வரும் ‘எல்லாம் அடக்கம்’ என்ற பேச்சுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு: ஸ்பெயினின் மயோர்கா தீவிலுள்ள அல்குதியா கடற்கரை. 1950இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர், பழைய வாட்டர் போலோ ஆட்டக்காரர், அங்கே கூடாரம் அடித்து ஒரு விடுமுறை முகாமைத் தொடங்கினார். அதுதான் கிளப் மெட். ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. போர் முடிந்து ஐந்தே வருஷம். ஒரே தொகை கட்டினால் படுக்கை, விளையாட்டு, சாப்பாடு, சாப்பாட்டோடு வேண்டிய மட்டும் ஒயின். கூடாரங்களைக் கொடுத்த ஜில்பேர் திரிகானோ பின்னாளில் அந்தக் கம்பெனியையே நடத்தினார்.

பாரில் குடிப்பதற்கு மட்டும் தனிக் காசு. ஆனால் நீச்சலுடையில் பாக்கெட் ஏது? அதனால் பாசிமணி வந்தது. கழுத்து மாலையிலிருந்து மணியைக் கழற்றிக் கொடுத்தால் கிளாஸ் வரும். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். செலவு குறையவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். பின்னால் நடப்பதையெல்லாம் மறைத்து ஒரே ஒரு பொத்தானைக் காட்டும் மென்பொருள் வேலை பார்ப்பவனுக்கு இது ரொம்பப் பழகிய வித்தை.

காசை மறைத்தால் போதாது, ஊரையும் மறைக்க வேண்டும். அதற்கு மற்ற நாடுகளில் மதில் கட்டினார்கள். மாலத்தீவில் அந்த வேலையைக் கடலே பார்த்துக்கொண்டது. 1972இல் அங்கே முதல் ரிசார்ட்டான குரும்பா திறந்தது. திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க் காய். நம் குரும்பை நினைவுக்கு வரும். பவளக்கல்லும் தென்னங்கீற்றும் வைத்துக் கட்டிய முப்பது அறைகள். சில வருஷம் முன்புதான் ஐ.நா. வல்லுநர்கள் வந்து பார்த்து, இங்கே சுற்றுலா சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்!

ஆளில்லாத ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது பிறகு நாட்டின் கொள்கையே ஆனது. ரிசார்ட் தீவில் மது உண்டு, ஊர்த்தீவில் கிடையாது. ஒரு வாரம் தங்கிவிட்டு, ஒரு மாலத்தீவுக் குழந்தையைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடலாம். 2009க்குப் பிறகுதான் ஊர்த்தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு வழி பிறந்தது.

குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் மறைந்திருக்கும் கணக்கை முதலிலேயே வெளியே எடுத்துவிடுவது நல்லது. ‘எல்லாம்’ என்பது பெரும்பாலும் தீவில் கால் வைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அங்கே கொண்டுபோகும் படகுக்கும் கடல்விமானத்துக்கும் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். நாலு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் இருட்டிய பிறகு இறங்கினால் ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு அறை எடுக்க வேண்டிவரும். தலைக்கும் நாளுக்குமான பசுமை வரி விலைக்குள் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்றால் மூன்று வேளை சாப்பாடு மட்டும் உள்ள திட்டத்தின் விலையையும் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த மேசைக்காரர் குடிப்பதற்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தும் சன்ஸ்கிரீனும் ஊரிலிருந்தே வரட்டும். ஒரே கடை உள்ள தீவில் பேரம் எடுபடாது.

ரிசார்ட்டில் ஒரு நாளைக் குறைத்து மாஃபுஷி போன்ற ஓர் ஊர்த்தீவில் தங்குங்கள். மாலேயிலிருந்து படகு இருக்கிறது. நீச்சலுடைக்கென்று தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள். தெருவில் தோளும் முட்டியும் மூடிய உடை போதும். காலையில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனி, தொட்டுச் சாப்பிட ரோஷி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளையும் பார்க்கலாம்.