பிரிந்து செல்லும் உரிமையும் ஊவாத் தோட்ட மக்களும்

ஊவா மாகாணத்திலே, பதுளை மாவட்டத்தின் தென்பாகத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மலைச்சரிவில் அமைந்தது மீரியபெத்த என்னுந் தேயிலைத் தோட்டம். தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்களே அதன் லயங்களில் வாழ்ந்தோர். இலங்கை அரசினின்றும் ஒரு பகுதி பிரிந்து செல்லலாமா, செல்லலாமெனின் யாருடைய சம்மதத்தினால் என்னும் வழக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நிகழ்ந்த காலத்தில், இத்தகைய தோட்ட மக்களிற் பெரும்பாலோர் கையில் வாக்குச் சீட்டு இருக்கவில்லை. அவ்வழக்கின் வரலாற்றை ஊவாவில் நின்று நோக்கும்போது, வடக்கில் நின்று நோக்குவோருக்குத் தோன்றாத சில செய்திகள் புலனாகின்றன.

ஊவாவுக்கு இத்தகைய வழக்குப் புதிதன்று. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் செய்துகொண்ட உடன்படிக்கையினால் கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குட்பட்டது. நிபந்தனைகளோடு கூடிய இணைப்பாகவே கண்டியார் அதனைக் கருதினர். இரண்டாண்டு கழிந்து, 1817இல், ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்து, 1818இல் கண்டியிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டார். நிபந்தனை மீறப்படின் இணைப்பும் முறியுமா என்ற வினாவை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனத்தினால் பிரதானிகளின் அதிகாரங்களைக் குறைத்ததே ஆங்கிலேயர் அளித்த விடை. 1833இல் கண்டியும் கரையோரமும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொணரப்பட்டன. ஆயினும் கண்டியார் பழைய உடன்படிக்கையை மறந்தாரல்லர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டித் தேசிய சபையார் சமஷ்டியாட்சியே வேண்டினர். அதற்குச் சற்று முன், 1926இல், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்களும் சமஷ்டியை ஆதரித்து எழுதியிருந்தார். சமஷ்டியை முதலிற் கேட்டவர் தமிழரல்லர் என்பது பின்வந்த சச்சரவுகளிடையே பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். பதுளையும் அவ்வெழுவருள் ஒருவரை அனுப்பியது. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கே உரியதாக்கிற்று. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடர் விளைக்குஞ் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்ததன்றோ என்று கோடாகன் பிள்ளை தொடுத்த வழக்கு, இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரசைகள் யாரெனத் தீர்மானிக்கும் உரிமை ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு உண்டென 1953இல் அக்கழகம் தீர்ப்பளித்தது. ஒரு மக்கட்கூட்டம் அரசை விட்டுப் பிரிவதற்குத் தடைகள் பல உண்டு. அரசு ஒரு மக்கட்கூட்டத்தைத் தன்னினின்றும் நீக்குவதற்கோ சாதாரணப் பெரும்பான்மை வாக்கே போதியதாயிற்று. இச்சட்டங்களை முன்னிட்டே எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் தமிழ்க் காங்கிரசை விட்டு நீங்கி, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். எனவே வடக்கின் சமஷ்டி இயக்கத்துக்கு வித்திட்டவற்றுள் மலைநாட்டாருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் ஒன்று. அவ்வியக்கம் பிற்காலத்திற் சென்ற வழியோ மலைநாட்டுக்கு உரியதாயிருக்கவில்லை.

1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு இலங்கையை ஒற்றையாட்சி அரசு எனப் பிரகடனஞ் செய்தது. செல்வநாயகம் தம் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, அவ்யாப்பைத் தமிழர் ஏற்கின்றனரா என்று வாக்காளரிடமே கேட்கத் துணிந்தார். இரண்டாண்டுக்கு மேல் தாமதித்து, 1975 பெப்ருவரியில் நடந்த இடைத்தேர்தலில் அவர் பெருவெற்றி பெற்றார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டையிற் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அத்தீர்மானத்தின் வாசகத்தை ஊன்றிப் படிப்போர் குறைவு. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்ந்து தொழில் செய்வோராதலின், தனியரசு பற்றி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தெரிவித்த மாறுபாட்டை அத்தீர்மானமே பதிவு செய்துள்ளது. அமையவிருந்த அரசின் எல்லை வடக்கும் கிழக்கும். இலங்கையின் எப்பாகத்திலும் வாழுந் தமிழ் பேசுவோர் விரும்பின் அதன் பிரசையாகலாம் என்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட உறுதி. மீரியபெத்தவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அதன் பொருள், பிரசையாக வேண்டின் தான் பிறந்த மலையை விட்டுப் போகவேண்டும் என்பதே. முன்னரே 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டிருந்தது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து அம்மக்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று.

அதே 1976இல் துண்டுப் பிரசுரம் வழங்கியமைக்காக அமிர்தலிங்கம் முதலியோர் யூரர் இல்லாத விசேட நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டனர். போர்த்துக்கேயரிடம் 1619இல் இழந்த தமிழரின் இறைமை, பிரித்தானிய முடியுடனான தொடர்பு 1972இல் அறுந்தபோது தமிழரிடமே மீண்டது என எதிரிகளின் வழக்கறிஞர் வாதித்தனர். வன்மையான வாதமே. எனினும் அரசமரபின் வழியாக இறைமை தேடும் அவ்வாதத்திலே, நல்லூரை ஒருகாலும் கண்டிராத ஊவாத் தொழிலாளிக்கு இடமிருக்கவில்லை. வழக்குத் தண்டனையின்றி முடிந்தது. 1977 தேர்தலில் கூட்டணி வடக்கின் பதினான்கு தொகுதிகளையும் கிழக்கில் நான்கையும் வென்று, அதனைத் தனியரசுக்கான ஆணை என்றது.

1983 யூலை வன்செயல்களின் பின், ஓகஸ்ட் மாதம் ஆறாந் திருத்தம் நிறைவேறியது. தனியரசை ஆதரித்தல், ஊக்குதல், அதற்குப் பணமுதவுதல் யாவும் குற்றமாயின. கூட்டணி உறுப்பினர் சத்தியஞ் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தனர். பேச்சையே தடுப்பதனாற் பிரிவினை எண்ணம் ஒழியுமென்று கருதியது பெருந்தவறு என்பதை அதன்பின் வந்த இருபத்தாறு ஆண்டுப் போரே காட்டியது. சமஷ்டி வேறு, பிரிவினை வேறு என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்டிலே தெளிவாக உரைத்தது. கண்டியார் சமஷ்டி வேண்டித் தொண்ணூறு ஆண்டு கழிந்த பின்னர்!

கனடாவில் இவ்வழக்கு வேறு வகையாக நடந்தது. 1995இல் கியூபெக் மாகாணத்தார் வாக்களித்து, ஒரு வீதத்துக்குஞ் சற்று மேலான வேறுபாட்டாற் பிரிவினையை நிராகரித்தனர். தன்னிச்சையாகப் பிரியும் உரிமை மாகாணத்துக்கு இல்லை; ஆயின் தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைப்பின், ஏனையோர் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர் என 1998இல் கனடிய உயர் நீதிமன்றம் கூறிற்று. ஊவாவை எண்ணுவோருக்கு இத்தீர்ப்பினும் முக்கியமானது கிரீ என்னும் பழங்குடியினரின் செயல். கியூபெக்கின் வடபாகத்து வாழும் அவர்கள், அவ்வாக்கெடுப்புக்குச் சில நாட்களின் முன் தாமே தனி வாக்கெடுப்பு நடாத்தினர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேற்பட்டோர் கியூபெக்குடன் பிரிந்துசெல்ல மறுத்தனர். மக்கள் என்போர் யாவர் என்ற வினாவைக் கேட்க அவர்களுக்கு வாக்கும் நிலமும் இருந்தன. ஊவாத் தோட்டங்களிலோ இரண்டுமில்லை.

வாக்கு மெல்ல மெல்லத் திரும்பியது. 1986 சனவரியில் தொழிலாளர் காங்கிரஸ் நடாத்திய பிரார்த்தனை இயக்கமும், 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களும் நாடற்றோர் என்ற நிலையை நீக்கின. இதற்கிடையே, 1977 வன்செயலின்போது தோட்டங்களினின்றும் துரத்தப்பட்டோரிற் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிப் பின்னர்ப் போரின் நடுவே அகப்பட்டனர். தோட்டங்களிலேயே தங்கியோர் லயத்தறைகளில் வாழ்ந்தனர். அவ்வறைகளும் அவை நின்ற நிலமும் அவர்களுடையனவல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மீரியபெத்தவின் மலைச்சரிவு இடிந்து லயங்களை மூடிற்று. மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் விலகிச் சென்று குடியிருக்க வேறு நிலம் அம்மக்களிடம் இருக்கவில்லை. தப்பியோர் மாக்கந்தைத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கினர். ஏறத்தாழ இரண்டாண்டு கழித்தே பூனாகலைப் பக்கத்தில் அவர்களுக்கென வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.