ஆஞ்சியோவில் தெரியாத அடைப்பு

"ஆஞ்சியோ எடுத்தாச்சு சார். முப்பது பர்சென்ட்தான் அடைப்பாம். ஸ்டென்ட் வேணாம்னு சொல்லிட்டாங்க. அதான் மாத்திரையையும் நிறுத்திட்டேன்."

ஓபியில் இதைக் கேட்காத மாதமே இல்லை. போன வாரம் சொன்னவர் சுகர் மாத்திரை வாங்க வந்த விவசாயி, ஐம்பது வயது தாண்டியவர். ஸ்டென்ட் வேண்டாம் என்றது சரிதான். மாத்திரையை நிறுத்தியதுதான் தப்பு. அது ஏன் தப்பு என்று மருத்துவ உலகத்துக்கே புரிய முப்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் க்ளினிக். டாக்டர் மேசன் சோன்ஸ் 26 வயது இளைஞர் ஒருவருக்கு மகாதமனியில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கிறார். ட்யூப் நழுவி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்க்குள் போய்விட்டது. 30 மில்லிக்கும் மேல் சாயம் அதற்குள் பாய்ந்தது. அங்கே சாயம் போனால் ஆள் காலி என்பதுதான் அன்றைய நம்பிக்கை. இதயம் நிஜமாகவே நின்றது. நெஞ்சைத் திறந்துவிடலாம் என்று சோன்ஸ் கத்தியைத் தேடி ஓடினார். பிறகு நோயாளியை இருமச் சொன்னார். இருமினார். இதயம் திரும்பத் துடித்தது!

இவ்வளவு சாயத்தையே தாங்கினால், கொஞ்சமாகக் கொடுத்துப் படம் எடுக்கலாமே என்று சோன்ஸ் யோசித்தார். இன்று நாம் "ஆஞ்சியோ" என்று சொல்வது அப்படிப் பிறந்ததுதான்.

ஆனால் ஆஞ்சியோவில் ஒரு விஷயம் இருக்கிறது. அது காட்டுவது குழாயை அல்ல, குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழலை. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு அகலத்துக்கு ஓடுகிறது என்று அதில் தெரியும். கரைக்குள் எலி வளை தோண்டியிருந்தால் தெரியாது.

1987இல் சிகாகோவைச் சேர்ந்த நோயியல் நிபுணர் சீமோர் கிளாகோவ், இறந்தவர்களின் 136 இதயங்களை ஆராய்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். குழாய்ச் சுவரில் கொழுப்பு படியப் படிய, குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. குழாயின் பரப்பில் சுமார் 40% வரை படிவு சேர்ந்தாலும் ரத்தம் போகும் வழி சுருங்குவதில்லை. அதாவது சுவர் நிறைய கொழுப்பு இருக்கும், ஆஞ்சியோ "நார்மல்" என்று வரும்.

அடுத்த வருஷமே இன்னொரு அதிர்ச்சி. மாரடைப்புக்கு முன்பே வேறு காரணத்துக்காக ஆஞ்சியோ எடுத்திருந்த 29 பேரின் பழைய படங்களை அமெரிக்க மருத்துவர் வில்லியம் லிட்டிலும் குழுவினரும் எடுத்துப் பார்த்தார்கள். பின்னால் மாரடைப்பைக் கொடுத்த அதே குழாயில், 19 பேருக்கு முன்பு இருந்தது 50 சதவீதத்துக்கும் குறைவான அடைப்பு! சின்னப் படிவின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, மொத்தக் குழாயும் அடைபட்டுவிடுகிறது. (பெரிய அடைப்பு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் ஆபத்துதான். சின்னவை எண்ணிக்கையில் அதிகம், அவ்வளவுதான்.)

சரி, சுவருக்குள் எப்படிப் பார்ப்பது? கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஸ்கேனை, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ட்யூபின் நுனியில் வைத்துக் குழாய்க்குள்ளேயே அனுப்பினார்கள். பேர் ஐவஸ். எழுபதுகளில் நெதர்லாந்தின் நிக்கோலாஸ் போம் விதை போட்டார். எண்பதுகளில் அமெரிக்காவின் பால் யோக் இதய நோயாளிகளுக்குப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

அது காட்டியதில் என்னை உலுக்கியது 2001இல் வந்த ஒரு ஆய்வு. அதே க்ளீவ்லண்ட் க்ளினிக். தானமாகப் பெற்றுப் பொருத்தப்பட்ட இதயங்களை, 262 பேரிடம் ஐவஸ் வைத்துப் பார்த்தார்கள். தானம் கொடுத்தவர்களில் 20 வயதுக்குக் கீழே இருந்தவர்களிலேயே 17% பேருக்குக் கொழுப்புப் படிவு! ஆறு பிள்ளைகளில் ஒன்று.

பிறகு ஓசிடி வந்தது. கண்ணின் விழித்திரையைப் பார்க்க உதவுகிற ஒளி ஸ்கேன்தான், அதையே ரத்தக் குழாய்க்குள் கொண்டுபோனார்கள். ஐவஸை விடச் சுமார் பத்து மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும். கிழியக் காத்திருக்கும் படிவின் மேல்தோல் 65 மைக்ரானுக்கும் குறைவு, கிட்டத்தட்ட ஒரு தலைமுடி தடிமன். ஓசிடி அதையும் அளந்துவிடும்.

அப்படியானால் யாருக்கு எப்போது அட்டாக் வரும் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் இடிக்கிறது. 2011இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வில் 697 நோயாளிகளின் குழாய்களை உள்ளே போய்ப் பார்த்து, மூன்று வருஷம் கண்காணித்தார்கள். மோசமான அடையாளங்கள் மூன்றும் சேர்ந்திருந்த படிவுகளில்கூடப் பிரச்சினை செய்தவை சுமார் 18% மட்டுமே. மற்றவை சும்மா இருந்தன. எது வெடிக்கும் என்று ஒவ்வொன்றாக ஜோசியம் சொல்ல முடியாது.

அதனால் "எனக்கும் ஐவஸ் எடுங்க" என்று கிளம்பிவிடாதீர்கள். இதயக் குழாய்க்குள் ட்யூப் விட்டுச் செய்யும் சோதனை இது. எப்படியும் ஆஞ்சியோ எடுத்தாக வேண்டியவர்களுக்கு, பெரும்பாலும் ஸ்டென்ட் சரியாகப் பொருந்தியதா என்று பார்க்கத்தான் பயன்படுகிறது.

நமக்கு ஐவஸ் கொடுத்த நல்ல சேதி வேறு. 2006இல் வந்த ஆஸ்டராய்டு ஆய்வு. ரோசுவாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் இரண்டு வருஷம் சாப்பிட்டவர்களிடம், முன்னும் பின்னும் ஐவஸில் அளந்தார்கள். படிவு வளரவில்லை, கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. சுருங்கிய அளவு சின்னதுதான். ஆனால் மாத்திரை ஒரே ஒரு அடைப்புக்குப் போவதில்லை, எல்லாக் குழாய்களின் சுவருக்கும் போகிறது. ஸ்டென்ட்டால் அது முடியாது.

ஓபியில் இவ்வளவும் சொல்ல நேரமேது? வரிசை வராண்டா வரைக்கும் நிற்கிறது. எலி வளைக் கதையை மட்டும் சொன்னேன். "மழைக்கு முன்னாடியே அடைக்கணும் சார் அத" என்றார் அவர். பரிசோதித்துவிட்டுச் சீட்டில் அட்டார்வாஸ்டாட்டினைத் திரும்ப எழுதினேன். நம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. நீங்களும் இப்படி நிறுத்தியிருந்தால், பழைய ஆஞ்சியோ ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.