குடிபோதையில் வாகனம் ஓட்டும் குற்றம்: சிறைக்கு மாற்றாகச் சிகிச்சை

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவது பிறர் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் குற்றம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் குடிநோயாளி ஒருவரைச் சிறையில் அடைப்பதால் மட்டும் அக்குற்றம் மீண்டும் நிகழாமல் தடுக்க முடியுமா என்பதே கேள்வி.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185இன்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். குற்றம் தொடர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிகிச்சை பற்றி இப்பிரிவு பேசவில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவோ, சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் சிக்கிய போதை அடிமையை, அவரது ஒப்புதலோடு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது.

வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், பிரிவு 4இன் கீழ், மேற்பார்வையில் விடுவிக்கப்படுபவர் மதுவைத் தவிர்க்க வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். எனினும், கண்மூடித்தனமாக வாகனம் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியவர்களுக்கு இச்சலுகை கூடாது என்று தல்பீர் சிங் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் கூறியது.

அமெரிக்க அனுபவம்

நியூ மெக்சிகோவின் டோன்யா அனா மாவட்டத்தில் 1995இல் இதற்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது. சிகிச்சை, தொடர் பரிசோதனை, நீதிபதியின் நேரடிக் கண்காணிப்பு ஆகியவை இணைந்தது அம்முறை. தெற்கு டகோட்டா 2005இல் தொடங்கிய திட்டத்தில் நாளுக்கு இருமுறை மூச்சுப் பரிசோதனை. தவறினால் உடனடியாகக் குறுகிய காலச் சிறை. இதனால் மீண்டும் அதே குற்றத்திற்காகக் கைதாவோர் மாவட்ட அளவில் 12 விழுக்காடு குறைந்ததாக 2013இல் வெளியான ராண்ட் நிறுவன ஆய்வு கண்டறிந்தது. ஆனால் அங்கும் பரிசோதனைக் கட்டணத்தைக் குற்றவாளியே செலுத்த வேண்டும்.

நமக்கான கேள்வி

10,000 ரூபாய் ஒருவருக்குச் சில்லறைச் செலவு. தினக்கூலிக்கோ பல வார உழைப்பு. அபராதம் கட்ட இயலாதவரே சிறைக்குப் போகிறார். இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அங்கும் சாதி பார்த்து வேலை பிரிக்கப்பட்டதை, சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அரசியலமைப்புக்கு முரணானது என அறிவிக்க நேர்ந்தது.

ஆகவே மாற்று வழி கேட்கும்போது மூன்றை வலியுறுத்த வேண்டும்: அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை, காசுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வாய்ப்பு, சமூக சேவை என்ற பெயரில் துப்புரவுப் பணியைத் தண்டனையாக்காமை. ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட தொழிலை நீதிமன்றம் தண்டனையாக விதித்தால், அது இழிவு என்ற சாதியின் வாதத்தையே சட்டமும் வழிமொழிந்ததாகிவிடும்.