உடையவன் கையும் பழைய காரும்

“உடையவன் பாரா வேலை ஒரு முழங்கட்டை” என்பது முன்னோர் வாக்கு. வயலுக்கும் தோட்டத்துக்கும் சொல்லப்பட்ட இம்மொழி, இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார்க் காருக்கும் பொருந்துவதாயிற்று. மனிதரின் வயதை ஆண்டுகளால் அளப்பர். காரின் வயதையோ அது கடந்துவந்த மைல்களால் அளப்பர். ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிற் பிறந்த இரு கார்களுள் ஒன்று 50,000 மைலில் ஓய்ந்து கிடக்க, மற்றொன்று 2 இலட்சம் மைலைத் தாண்டியும் ஓடுவதுண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இரும்பின் உறுதி ஓரளவு காரணமாகும். அதனினும் பெரிய காரணம், காரை ஆக்கியோர் உடையவனின் கைக்கென விட்டுவைத்த இடமும், அவ்விடத்தை அவன் தவறாது பயன்படுத்திய பழக்கமுமேயாம். இவ்விரண்டும் கூடி வளர்ந்த வரலாறு சுவையானது. சில வேளைகளில் உயிரோடு தொடர்புற்றதுமாகும்.

மோட்டார்க் கார் முதன்முதல் வீதிக்கு வந்த காலத்தில் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அதனை ஓட்டவும் செப்பனிடவும் சம்பளத்துக்கு ஆள் அமர்த்தினர். அவ்வாளைக் குறித்த ‘ஷோபர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் முதற்பொருள் கொதிகலனுக்குத் தீ மூட்டுபவன் என்பதாகும். 1908 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஹென்றி போர்ட் வெளியிட்ட ‘மொடல் ரி’ இந்நிலையை மாற்றிற்று. 1927 வரை ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் வண்டிகள் உருவாயின. அவற்றை வாங்கியோருள் கமக்காரர் பலர். ஏரையும் அறுவடை இயந்திரத்தையும் தாமே திருத்திப் பழகிய அவர்கள், காரையும் தாமே திறந்து பார்த்தனர். போர்ட் கொம்பனி அவர்கட்கு அளித்த கைந்நூலும் வினாவிடை வடிவில் அமைந்திருந்தது. வால்வுகளைத் தேய்த்துப் பொருத்துவது எவ்வாறு, இயந்திரத்தினுள் படியும் கரியை அகற்றுவது எவ்வாறு என்பவற்றையெல்லாம் அது எளிய மொழியிற் கூறிற்று. கார் வாங்கியவனே அதன் முதல் மருத்துவன் என்னும் எண்ணம் இவ்வாறே வேரூன்றியது.

அவ்வெண்ணத்தின் நல்விளைவுகளுள் ஒன்று, இலங்கை வீதிகளிலும் நன்கு பழக்கமான மொரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இக்கார், 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முறையாக வைக்கப்பட்டது. கொம்பனித் தலைவரான நபீல்ட் பிரபுவுக்கு அதன் வடிவம் பிடிக்கவில்லை. அவித்த முட்டை போன்றிருக்கிறதென்று அவர் எள்ளியதாகக் கூறுவர். ஆயினும் 1960 டிசெம்பரில், 10 இலட்சம் என்னும் எண்ணை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமை அதற்கே வாய்த்தது.

மைனரின் முன்மூடியைத் திறப்பவர் முதலிற் காண்பது இடவசதி. இதற்கொரு காரணமுண்டு. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் அமைந்த அகலமான இயந்திரம் ஒன்றைப் பொருத்தவே இஸிகோனிஸ் எண்ணியிருந்தார். அந்த எண்ணம் கைவிடப்பட்டு, 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய ஒடுங்கிய இயந்திரமே அவ்விடத்தில் வைக்கப்பட்டது. மேலும், மாதிரிக் காரை நடுவே நெடுக்காகப் பிளந்து 4 அங்குலம் அகலமாக்கிய பின்னரே இறுதி வடிவம் முடிவாயிற்று. ஆகவே இயந்திரத்தின் இரு பக்கத்திலும் முழங்கை நுழையும் அளவுக்கு வெளி எஞ்சியது. அலுவலகக் கணக்கரும் பள்ளி ஆசிரியரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலே சட்டைக் கையை மடித்துவிட்டுத் தம் காரைத் தாமே செப்பனிடத் துணிந்தமைக்கு இவ்வெளியும் ஒரு காரணமாகும்.

அவர்கள் செய்தது என்ன? 1952 க்குப் பின் மைனருக்கு வந்த புதிய இயந்திரத்தில் வால்வுகள் எட்டு. ஒவ்வொரு வால்வுக்கும் அதனை அழுத்தும் கைக்கும் இடையே 0.012 அங்குல வெளி இருத்தல் வேண்டும். வெளி குறைந்தால் வால்வு முற்றாக மூடாது. அனல் கசிந்து அதன் விளிம்பைத் தின்றுவிடும். வெளி மிகுந்தால் சத்தம் பெருகும், வலு குன்றும். இதனை அளக்க மெல்லிய தகடுகளாலான அளவுகோல் ஒன்றே போதும். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு எளிய கணக்கு ஒன்றிருந்தது. இயந்திரத்தைக் கைபிடியாற் சுழற்றி, எட்டாவது வால்வு முற்றாகத் திறந்து நிற்கும்போது முதலாவதை அளக்க வேண்டும். ஏழாவது திறந்திருக்க இரண்டாவதை அளக்க வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை எப்பொழுதும் 9. பொறியியல் கல்லாதவரும் இந்த ஒன்பதை மறந்ததில்லை. தீப்பொறி பிளக்கின் வாய்க்கு 0.025 அங்குலமும், மின்னோட்டத்தை இடையிட்டு நிறுத்தும் பொயின்ற்றுக்கு 0.015 அங்குலமும் அவ்வாறே மனப்பாடமாயின.

இவற்றினும் முக்கியமானது கிறீஸ். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, திருகாணி போலப் புரியிடப்பட்டு, ஓர் உலோகக் குமிழினுட் பொருந்தியிருக்கும். ஏறக்குறைய 1,000 மைலுக்கு ஒருமுறை அங்கே கிறீஸ் செலுத்த வேண்டும். புதிய கிறீஸ் உட்செல்லப் பழைய கிறீஸும் மணலும் நீரும் வெளியே பிதுங்கும். இச்சிறு வேலையைப் பல மாதம் புறக்கணித்தால் புரிகள் தேய்ந்து, ஒருநாள் தண்டு கழன்று, சக்கரம் மடிந்து கார் வீதியிலே குப்புற விழும். மைனர்க் கார்களைப் பற்றி உலகெங்கும் வழங்கும் எச்சரிக்கை இது. ஐந்து நிமிட வேலைக்கும் பெரு விபத்துக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு குறுகியது.

மைல்கள் ஏற ஏற வேறு நோய்களும் தோன்றும். பிஸ்ரன் வளையங்கள் தேயும். எண்ணெய் எரிந்து புகை நீலநிறமாகும். சிலிண்டர் வட்டம் கெட்டு நீள்வட்டமாகும். அந்நாளைய இயந்திரத்துக்கு இவை முடிவாக அமையவில்லை. சிலிண்டரைச் சிறிது அகலமாகக் கடைந்து, 0.020 அல்லது 0.040 அங்குலம் பெரிய பிஸ்ரனைப் போட்டால் அதற்கு மறுபிறவி கிட்டும். தேய்மானத்தை முன்கூட்டியே எதிர்பார்த்து இரும்பிலே இடம் விட்டிருந்தமை அக்கால அமைப்பின் சிறப்பாகும்.

இவ்வகைப் பராமரிப்பு எத்துணை தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அமெரிக்காவிலே சான்றுண்டு. நியூ யோர்க் மாநிலத்து லோங் ஐலண்டிலே அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கோர்டன், 1966 ஆம் ஆண்டு வொல்வோ பி 1800 கார் ஒன்றை வாங்கினார். 1987 இல் அது 10 இலட்சம் மைலையும், 2002 இல் 20 இலட்சம் மைலையும், 2013 செப்ரெம்பரில் அலாஸ்காவிலே 30 இலட்சம் மைலையும் கடந்தது. இயந்திரம் முதன்முறையாகப் பிரித்துச் செப்பனிடப்பட்டது 680,000 மைல் ஓடிய பின்னரே. இதன் மந்திரம் யாதெனக் கேட்டவர்க்கு அவர் கூறிவந்தது கைந்நூலைப் பின்பற்றுதல், உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுதல் என்பவையே. 2018 இல் அவர் மறையும் வரை அக்கார் ஓடும் நிலையிலேயே இருந்தது.

கோர்டன் விரும்பிச் செய்ததை இலங்கை மக்கள் வேறு வழியின்றிச் செய்ய நேர்ந்தது. 1960 களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, முன்னரே வந்திறங்கிய மொரிஸ், ஒஸ்ரின், ஹில்மன் முதலிய கார்களே வாடகைக்கும் வீட்டுக்கும் உழைத்தன. புதிய உறுப்புக் கிடைக்காதபோது பழையதைப் பற்றவைத்தனர். தேய்ந்ததைக் கடைந்து வேறொன்றிற் பொருத்தினர். தந்தை வாங்கிய காரை மகன் திருத்தக் கற்றது ஆசையினாலன்று, தேவையினாலாகும்.

அத்தேவையின் உச்சத்தை யாழ்ப்பாணக் குடாநாடு கண்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், பெற்றோல், டீசல், பற்றரி முதலியன அங்கு செல்வது தடைசெய்யப்பட்டது. மருத்துவமனைக்கு நோயாளரைக் கொண்டுசெல்ல வேண்டும். கார்கள் இருந்தன, எரிபொருள் இல்லை. அந்நிலையில், 1950 களில் உருவான ஒஸ்ரின் ஏ 40 கார்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இவ்வித்தைக்கு முன்மாதிரி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பேர்கசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, சிறு தாங்கியிலுள்ள பெற்றோலினால் உயிர்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு இனமான மலிந்த எண்ணெயில் உழுதது. மண்ணெண்ணெய் குளிரிலே எளிதில் ஆவியாகாது. சூடான இயந்திரத்திலேயே அது எரியும். யாழ்ப்பாணத்தார் செய்ததும் இதுவே. சிறு போத்தலில் வைத்த அருமருந்தன்ன பெற்றோலைச் சில துளி காபுறேற்றரின் வாயில் விட்டு இயந்திரத்தை எழுப்பினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடிக்கவிட்டனர். பழைய கார்களின் இயந்திரம் கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகவே அமுக்குவது இதற்குத் துணையாயிற்று. மிகுதியாக அமுக்கும் புதிய இயந்திரமாயின், மண்ணெண்ணெய் காலத்துக்கு முந்தி வெடித்துப் பிஸ்ரனையே உடைத்திருக்கும்.

இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி இயந்திர எண்ணெயோடு கலந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். அறியாதவர் அதனை நன்மையெனக் கருதுவர். அறிந்தவரோ எண்ணெய் நீர்த்துவிட்டதை உணர்ந்து உடனே மாற்றுவர். பிளக்கிலே கரி படியும்; நாள்தோறும் கழற்றித் துடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக எங்கோ தொடங்கிய அறிவு, இங்கே நோயாளியின் உயிருக்கும் இறப்புக்கும் இடையே நின்றது. அக்கார்களை அமைத்தவர்கள் இத்தகைய நாளைக் கனவிலும் கண்டிரார். ஆனால் உடையவன் கைக்கு அவர்கள் விட்ட இடம், அவன் அறிவுக்கும் இடமளித்தது.

2002 ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட்டது. பெற்றோலும் தடையின்றி வந்தது. அதே ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை நிறுத்தப்பட்டது. மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்துக்கு இது நன்மையே. எனினும் பழைய வார்ப்பிரும்பு இயந்திரத்தில் வால்வு அமரும் இடத்தைத் தேயாமற் காத்தது அந்த ஈயமே. ஆகவே கடினமான உலோக வளையங்களை அங்கே பதிக்கும் வேலை புதிதாய்ச் சேர்ந்தது. பழைய கார் இம்மாற்றத்துக்கும் இடங்கொடுத்தது.

புதிய கார்களின் நிலை வேறு. 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்கள் அனைத்திலும் நோயறியும் மின்னணுத் துளை ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. பொயின்ற் மறைந்தது, காபுறேற்றர் மறைந்தது, கிறீஸ் இடும் வாய்களும் பெரும்பாலும் மறைந்தன. இதனால் வேலை குறைந்தது, புகை குறைந்தது, இயந்திரத்தின் ஆயுளும் கூடிற்று. அதே வேளை, நோயைச் சொல்லும் மொழி தொழிற்சாலையின் இரகசியமாகும் அபாயமும் எழுந்தது. 2012 நவம்பரில் மசசூசெற்ஸ் மாநில மக்கள், திருத்துவதற்கு வேண்டிய தகவலைக் கார் உடையவனுக்கும் சிறு கராஜ்களுக்கும் வழங்க வேண்டுமென வாக்களித்தமை இதன் விளைவாகும்.

இலங்கையிலும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காரைப் பேணுதல் மறுபடியும் குடும்பத்தின் கடமையாயிற்று. இன்றைய காரிலும் உடையவன் கைக்குச் சில வேலைகள் எஞ்சியுள்ளன. எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்தல், இயந்திரம் ஆறியபின் குளிரூட்டும் நீரைச் சோதித்தல், காலம் முடிந்த பிறேக் எண்ணெயை மாற்றுவித்தல், ரயரின் காற்றை அளத்தல், றப்பர்ப் பட்டிகளில் வெடிப்பு உண்டோவெனத் தடவிப் பார்த்தல் என்பன அவை. இவற்றுக்குப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை. மைல் எண்ணும் கருவியில் இலக்கங்கள் பெருகப் பெருக, வாரத்தில் ஒருமுறை முன்மூடியைத் திறந்து பார்க்கும் கண்ணே காரின் ஆயுளை நீட்டுவதாகும்.