பாயின்ட் பற்றவைப்பும் மிஸ்ஸிங் கோளாறும்

பாயின்ட் என்பது பழைய பெட்ரோல் கார்களின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மின் தொடுமுனை ஆகும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரிப் பற்றவைப்பு முறை 1910 மாடல் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பின்னர் 1970கள் வரை இதுவே பொதுவான முறையாக விளங்கியது. இந்தியாவின் அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களும் இம்முறையில் ஓடின.

பாயின்ட் மூடியிருக்கையில் காயிலில் மின்சாரம் பாயும். திறக்கும் கணத்தில் உயர் மின்னழுத்தம் உண்டாகி, பிளக்கில் பொறி தெறிக்கும். பாயின்ட் தீய்ந்துபோகாமல் கண்டென்சர் காக்கும். இவற்றில் ஒன்று பழுதானாலும் இன்ஜின் விட்டுவிட்டு இழுக்கும். இதையே மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பர்.

காயிலும் கண்டென்சரும் சில சமயம் சூடேறினால் மட்டுமே பழுது காட்டும்; ஆறியதும் சரியாகிவிடும். கார்புரேட்டர் அடைப்பும் இதே அறிகுறியைத் தரும். எனவே நல்ல பாகங்களை வீணாக மாற்றுவது வழக்கமாயிற்று. தேர்ந்தவர்கள் கோளாறு நிகழும்போதே சோதித்தனர். பிளக் வயரில் மாட்டிய டைமிங் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மின்பகுதியையும், சீராக எரிந்தால் பெட்ரோல் வழியையும் முதலில் பார்த்தனர்.

1973இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் அமெரிக்கக் கார்களில் பாயின்ட் இல்லாத மின்னணுப் பற்றவைப்பைப் பொதுவாக்கியது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களில் கட்டாயமான ஓபிடி-2 அமைப்பு, மிஸ்ஸிங்கைக் கண்டறிந்து குறியீடாகப் பதிந்துவைக்கிறது. பாயின்ட் கார்களுக்கு அந்த நினைவாற்றல் இல்லை. கோளாறு எப்போது, எந்தச் சூட்டில் வருகிறது என்பதை ஓட்டுநரே கவனித்துச் சொல்ல வேண்டும்.