மாரமங்கலத்துக்காரரின் ஓட்டு

ஏற்காடு மலையில் மாரமங்கலம் என்று ஓர் ஊராட்சி. ஒரே ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். மலைச்சரிவுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிற குக்கிராமங்களின் தொகுப்பு. ஊராட்சித் தலைவரை ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் அங்கே சட்டம். தண்ணீர் விட்டாரா, ரோடு போட்டாரா, மறுபடியும் அவரே. இல்லையா, வேறு ஆள்.

20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். 60 வார்டுகள், 2011 கணக்குப்படியே 8 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். இவர்களில் ஒருவர்கூட 2022-ல் மேயருக்கு ஓட்டுப் போடவில்லை. கவுன்சிலருக்குத்தான் போட்டார்கள். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மலைமேல் இருப்பவருக்குள்ள பாத்தியதை அடிவாரத்தில் இருப்பவருக்கு இல்லை. விசித்திரமாக இல்லை?

அமெரிக்காவில் பல சின்ன ஊர்களில்கூட மேயர், ‘செத்துக் கிடந்த கடைவீதிக்கு உயிர் கொடுத்தேன், இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள்’ என்று நேராக ஜனங்களிடம் போய் நிற்பார். நம் ஊரில் அப்படி ஒருவர் வந்து கேட்டதுண்டா?

உண்டு. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சென்னை மாநகராட்சிக்கு வயது அதிகம். 1688-ல் ஆரம்பித்தது. ஆனால் 1933-லிருந்து வந்த மேயர்களுக்கெல்லாம் பதவி ஒரே ஒரு வருடம்தான். மாலை மரியாதை முடிந்து, எந்தத் தெருவில் குப்பை சேர்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் வருடம் ஓடிவிடும். போதாக்குறைக்கு 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல். மன்றத்தையே கலைத்தார்கள். 1996 வரைக்கும் அதிகாரிகள் ராஜ்ஜியம். கிட்டத்தட்ட 23 வருடம்!

1996-ல்தான் சென்னைவாசிகள் முதல் தடவையாக மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வென்றவர் மு.க.ஸ்டாலின். ‘சிங்காரச் சென்னை’ என்ற கோஷத்தோடு வரிசையாக மேம்பாலங்கள் எழுந்தன. 2001-ல் ஆட்சி மாறியது. அந்த மேம்பாலங்களிலேயே முறைகேடு என்று வழக்கு. ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானதை டி.வி.யில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டாலின் மீதும் வழக்கு. (அது தண்டனையில் முடியவில்லை என்பது பிற்பாடு.) நாலே மாதத்தில், அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். கோட்டையில் எதிர்க்கட்சி ஆட்சி. இவரோ ‘பாலம் கட்டினேன்’ என்றுதான் ஓட்டுக் கேட்கவேண்டும். அந்தப் பாலமே வழக்கில்.

ஜெயித்தார்.

அதோடு விட்டார்களா? 2002-ல் புதுச்சட்டம். ஒருவர் எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக்கூடாது. இரண்டுமாக இருந்தவர் ஸ்டாலின். எம்.எல்.ஏ. பதவி நின்றது, மேயர் பதவி போனது. இரண்டு பதவி கூடாதென்பதில் நியாயமில்லாமல் இல்லை. ஜனங்கள் தீர்ப்புச் சொன்ன பிறகு அது முளைத்ததுதான் உறுத்துகிறது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2006-ல் தி.மு.க. ஆட்சி, மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. நேரடித் தேர்தலில் இரண்டு தடவை பலனடைந்த அதே கட்சி! 2011-ல் அ.தி.மு.க. வந்து நேரடி என்றது. 2016-ல் அவர்களே மறைமுகம். 2018-ல் நேரடி. 2019 நவம்பரில் திரும்பவும் மறைமுகம். நான் பி.காம். படித்தவன். வருஷா வருஷம் கணக்கு எழுதும் முறையை மாற்றுகிற கம்பெனியைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்.

இத்தனைக்கும் நடுவில் 2016 உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 வரை எந்த மாநகராட்சியிலும் மேயர் இல்லை. தனி அதிகாரிகள்தான்.

இப்போது சேலத்துக்கு வாருங்கள். 2016 செப்டம்பரில் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. வேலைகளை நடத்த ஒரு தனிக் கம்பெனி. ஊரின் நடுநாயகமான பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துவிட்டு இரண்டு அடுக்காகக் கட்ட முடிவானது. கடைவீதிக்கும் மலைக்கும் போகிற வருகிற ஜனங்கள் காலகாலமாக மிதித்த இடம். எதை இடிப்பது, கடைக்காரர்கள் எங்கே போவது என்பதெல்லாம் பேச்சாக இருந்த காலத்தில் சேலத்துக்கு மேயரே கிடையாது. 2022-ல் மேயர் வந்தார். 2023 ஜூனில் பஸ் ஸ்டாண்டைத் திறந்து வைக்க முதல்வர் வந்தார்.

முதல்வர் யார் என்கிறீர்களா? 2001-ல் மேம்பாலத்தைக் காட்டி ஓட்டுக் கேட்ட அதே மேயர்தான்.