சிட்டம் கணக்கு

எங்க தாத்தா விவசாயி. ஆனா நூல் கணக்கு தெரியும். ஒரு சிட்டம் 840 கஜம். 40-ம் நம்பர் நூல்னா 40 சிட்டம் சேர்ந்தாதான் ஒரு பவுண்டு. நம்பர் கூடக்கூட நூல் மெலிசு.

சொல்லிக் கொடுத்தவர், திண்டிவனம் பக்கம் எங்க வயலுக்கு அறுப்புக்கு வந்த ஒரு நெசவாளி. நெசவாளிக்கு அறுப்புல என்ன வேலைன்னு கேட்பீங்க. போர்க்காலம். தறி கைத்தறின்னாலும் நூல் மில் நூல்தானே! விலை தாறுமாறா ஏற, 1943-ல் அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. அதுவரை கடனுக்கே நூல் கொடுத்த விழுப்புரம் கடைக்காரர் சரக்கில்லைன்னு கையை விரிச்சுட்டாராம்.

நாடா ஓட்டின கைக்கு அரிவாள் பிடிபடலை. முதல் நாளே விரலை அறுத்துக்கிட்டார். பாட்டி கட்டுப்போடத் துணி தேட, அவரே தன் தோள் துண்டைக் கிழிச்சுக் கொடுத்தாராம். அவர் நெய்தது.